ஒயிட்னர் வேண்டாம்!

‘மாமா... பேப்பர் போட்டுரலாம்னு இருக்கேன்!’

ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். பத்திரிகைக்காரனிடம் வந்து ‘பேப்பர் போடறேன்’ என்றால் வேறு அர்த்தம். அவன் சொன்னது ராஜினாமாவை!

பையன் திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். மாசா மாசம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது அவன் பொறுப்பு. இரண்டு மாதம் முன்பு, ஒரு பெரிய வாடிக்கையாளரின் பில்களை ஏற்றும்போது, அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதிலாக வேறொருவரின் எண்ணைப் போட்டுவிட்டான். சரக்கு வாங்கியவர் கொடுத்த வரி, அவர் கணக்கில் வரவே இல்லை. வராத வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 4 லட்சத்துக்கு மேல் கைக்காசைப் போட்டு வரி கட்டியிருக்கிறார் மனுஷன். கொந்தளிக்க மாட்டாரா?

எம்.டி. கத்தவில்லையாம். ‘சரி, விடுப்பா. அடுத்த மாசம் திருத்திக்கலாம்’ என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து இவன் தயார் செய்யும் ஒவ்வொரு தாளும் சீனியர் மேஜைக்குப் போய்த்தான் எம்.டி. ரூமுக்குப் போகிறது.

‘கத்தியிருந்தாகூட பரவால்ல மாமா. பேசாம இன்னொருத்தரை விட்டு செக் பண்றாங்க பாருங்க... அதைத்தான் தாங்க முடியல.’

‘ரெண்டு மாசம் பொறுத்துக்க மாப்ளே, சரியாயிடும்’ என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

‘இன்னொரு தப்பும் இருக்கு மாமா. பழைய ரிட்டர்னை எல்லாம் புரட்டினப்ப பார்த்தேன். சின்னதுதான். வேற ஒரு பார்ட்டிக்குப் பதினோராயிரம் ரூபாய் குறைச்சுக் காட்டியிருக்கேன். அவர் இன்னும் கவனிக்கல. முதல் தப்பு ஊருக்கே தெரியும். இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா நான் காலி. சொல்லலைனா... தூக்கம் வரல.’

அவனுடைய உண்மையான பிரச்னை இதுதான். பேப்பர் போடுவதெல்லாம் சும்மா. இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்து ஓட ஒரு கதவு, அவ்வளவுதான்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘உண்மையைச் சொல்லுடா’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். சொல்வது நாம். வேலை போகப்போவது அவனுக்கு! அதனால் உபதேசம் பண்ணாமல், என் கதை ஒன்றைச் சொன்னேன். இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொல்லாத கதை.

2004. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாவட்டப் பக்கம் என் கையில். ஒருநாள் சாயங்காலம் இரண்டு படங்கள் இ-மெயிலில் வந்தன. ஒன்று, ஏலச்சீட்டு நடத்தி ஊரை ஏமாற்றியதாகக் கைதானவர். இன்னொன்று, பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர், பாராட்டு விழா படம். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்! ஃபைலுக்கும் அதே பெயர். ஒன்றுக்குப் பின்னால் மட்டும் ‘1’ என்று இருந்தது. அவசரத்தில் நான் எதை எங்கே வைத்தேன் என்பதை ஊகித்திருப்பீர்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நாலாய் மடித்த பேப்பரோடு அந்த ஆசிரியர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சீஃப் சப் எடிட்டர் எழுந்து நின்று கைகூப்பினார். ‘நாளைக்கே வருத்தம் தெரிவிச்சுடறோம் ஐயா.’

ஆசிரியர் கேட்டார்: ‘இன்னிக்குப் பார்த்தவங்க எல்லாரும் நாளைக்கும் பார்ப்பாங்களா, சார்?’

பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தப்பை எட்டு காலத்தில் போட்டுவிட்டு, ‘வருந்துகிறோம்’ என்று ஒரு பெட்டியை ஏதோ ஒரு மூலையில் ஒளித்துவைப்பது பத்திரிகைகளின் பழைய பழக்கம். இதை மாற்றத்தான் லண்டனில் ‘கார்டியன்’ நாளிதழ் 1997-ல், வாசகர்களின் புகார்களைக் கேட்டுத் திருத்தம் போடுவதற்கென்றே ஒரு தனி ஆசிரியரை நியமித்தது. நம் ஊரில் 2006-ல் ‘தி இந்து’ அப்படி ஒருவரை வைத்தது. திருத்தம் என்பது தினமும், ஒரு குறிப்பிட்ட இடத்தில், வாசகர் கண்ணில் படுகிற மாதிரி வந்தது. ‘தினமும் தப்பை ஒப்புக்கொண்டால் பேப்பர் மேல் மரியாதை போய்விடாதா?’ என்று கேட்டவர்கள் உண்டு. ‘இவ்வளவு சின்ன தப்பைக்கூடச் சொல்றாங்களே, அப்ப மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்’ என்று நினைக்கிற வாசகர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

எங்கள் சீஃப், மேலிடத்தில் சண்டை போட்டு, அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு படத்தோடு திருத்தம் வரச் செய்தார். அன்றைக்கு அந்த ஆசிரியர் கடையில் 20 பேப்பர் வாங்கியிருக்கிறார். தெரு முனை டீக்கடை, படிப்பகம், சலூன், அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் என்று அவரே நடந்து போய்க் கொடுத்திருக்கிறார். விஷயம் தெரிந்து, அந்த 20 பேப்பருக்கான காசை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

‘காசை வாங்கிட்டா கணக்கு முடிஞ்சுரும் தம்பி. முடிய வேணாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.’

இருபது வருஷம் தாண்டியும் ஞாபகம் இருக்கிறது, ஐயா.

இதற்குப் பிறகுதான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. படங்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் பக்கத்தை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. நானும் பயந்துபோய் ஒவ்வொரு பெயரையும் நாலு தடவை பார்ப்பேன். தமிழில் ஒரு வேடிக்கை பாருங்கள். அடுத்தவர் நம்மேல் வைப்பதும் நம்பிக்கை, நமக்கு நம்மேல் இருப்பதும் தன்னம்பிக்கை. ஒரே வேர். ஒன்று ஆட்டம் கண்டால் அடுத்ததும் சேர்ந்து ஆடுகிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். ராத்திரி பன்னிரண்டரை மணி. பக்கத்தை அனுப்பிவிட்டு டீ குடிக்கும்போது பொறி தட்டியது. மின்தடை அறிவிப்பில் தேதி தப்பு! வியாழக்கிழமைக்குப் பதிலாக புதன்கிழமை தேதி. பெயர்களை நாலு தடவை பார்த்தவன், தேதியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பிளேட் போய்விட்டது. சொல்லாமல் இருந்தால்? மின்வாரியம் தேதியை மாற்றியிருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். கிளாஸைக் கீழே வைக்கும்போது, நாலாய் மடித்த அந்த பேப்பர் ஞாபகம் வந்துவிட்டது.

நேராக சீஃப்பிடம் போய்ச் சொன்னேன். வேறு பிளேட் போட்டார்கள். எடிஷன் லேட். இரண்டு ஊர் கட்டுகள் பஸ்ஸைத் தவறவிட்டன. அத்தனை பேர் எதிரிலும் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது!

அடுத்த வாரம் சீஃப் கூப்பிட்டார். ‘நாளையிலேர்ந்து படங்களை நீயே பாரு.’ எனக்குப் புரியவில்லை. தப்பு மேல் தப்பு பண்ணினவனுக்கு பதவி உயர்வா?

‘உன் கண்ணை நம்பிக் கொடுக்கலடா. எல்லார் கண்ணும் ஒருநாள் ஏமாத்தும், என் கண்ணும்தான். உன் வாயை நம்பிக் கொடுக்கறேன். தப்பு நடந்தா நீயே வந்து சொல்லிடுவ. எனக்கு அது போதும்.’

நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ‘இவன் தப்பே பண்ண மாட்டான்’ என்று யாரும் யாரையும் நம்ப முடியாது. அப்படி நம்பினால் அது ஏமாளித்தனம். ‘தப்பு நடந்தால் இவன் மூலமாகத்தான் எனக்கு முதலில் தெரியும்’ என்பதைத்தான் ஒரு மேலதிகாரியால் நம்ப முடியும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. பொறுப்பில் இருந்த அப்துல் கலாமை முன்னால் தள்ளாமல், தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். 1980 ஜூலை 18-ம் தேதி வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேச வைத்தார். மேடைதோறும் சொல்லப்படும் கதை இது. அதிகம் சொல்லப்படாத பகுதி நடுவில் இருக்கிறது. தோல்விக்கான தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டுபிடித்து, கூட்டத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டும்விட்டார்கள். கலாம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுந்து நின்று, கடைசி நேரத்தில் தெரிந்த கசிவைப் பெரிய விஷயமில்லை என்று முடிவெடுத்தது தன் பொறுப்பு, ஏவுவதை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். தவானின் பெருந்தன்மையைப் பேசுகிற நாம், இந்த எழுந்து நிற்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கணக்கு நேராகாது.

கணக்கு என்றதும் பி.காம். வகுப்பு ஞாபகம் வருகிறது. முதல் வருஷம், பேரேட்டில் தப்பாக எழுதின ஒரு தொகையை ஒயிட்னர் போட்டு அழகாக மறைத்து வைத்திருந்தேன். பேராசிரியர் அந்த பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். ‘கணக்குப் புத்தகத்துல எதையும் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடி. அடியில என்ன இருந்ததுன்னு தெரியணும். பக்கத்துல கையெழுத்துப் போடு. இல்லைனா, திருத்தப் பதிவுன்னு தனியா எழுது’ என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் செம கடுப்பு. இப்போது சட்டமே அவர் பக்கம் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்கக் கூடாது என்று விதி. ஜி.எஸ்.டி-யிலும் போன மாதத்தில் செய்த தப்பை அடுத்து வரும் ரிட்டர்னில் திருத்தமாகக் காட்டச் சொல்கிறார்கள். பழையது பழையதாகவே இருக்கும். அதன் மேல் நம் திருத்தமும் நிற்கும்.

மனசுக்கும் அதே விதிதான். தப்பை மறைத்தவன், அடுத்தவரிடமிருந்து மட்டுமல்ல, தன்னிடமிருந்தும் மறைக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? யாராவது ‘வெரிகுட்’ சொன்னால்கூட, ‘இவருக்கு அது தெரியாது’ என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். ‘மாப்ளே, எங்க சீஃப் மாதிரி உங்க எம்.டி. இருப்பார்னு நான் கேரன்ட்டி கொடுக்க முடியாது. வேலை போனாலும் போகலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு. போனா, என்ன திருத்தம் பண்ணணும், அந்தப் பார்ட்டிகிட்ட யார் பேசணும், இனிமே இது நடக்காம இருக்க நீ என்ன பண்ணப்போறன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ. வெறுமனே ஸாரி சொல்லி உன் பாரத்தை அவர் தலையில இறக்கி வச்சுட்டு வராதே.’

‘யோசிக்கிறேன் மாமா’ என்று வைத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து மறுபடி போன்.

‘சொல்லிட்டேன் மாமா. தாளை வாங்கிப் படிச்சாரு. ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்லை.’

‘அப்புறம்?’

‘இப்பவும் என் ஃபைல் சீனியர்கிட்ட போய்த்தான் வருது. அதுல மாத்தமில்ல. ஆனா நேத்து ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி ரூமுக்குக் கூப்பிட்டு, வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. இல்ல சார்னேன்...’

‘ம்...’

‘சரின்னுட்டு ஓ.டி.பி-யைச் சொல்லிட்டாரு மாமா. திருப்பி ஒரு கேள்வி கேக்கல!’