தமிழ்வழியில் படித்தவரின் கேட் தேர்வு

ஐஐஎம்களில் சேர எழுதும் கேட் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம். அதற்காகத் தமிழ்வழி மாணவர்கள் சொற்பட்டியலை உருப்போட்டு மாதங்களைத் தொலைப்பது மனத்தை வருத்துகிறது. அங்கே கடினச் சொல்லுக்கு நேரடியாகப் பொருள் கேட்பதில்லை. மதிப்பெண்ணில் பெரும்பங்கு பத்திகளை வாசித்து விடை சொல்வதில்தான். நான்கு விடைகளில் இரண்டு சட்டென்று கழன்றுவிடும். மீதி இரண்டில் ஒன்று, பத்தி சொல்லாததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், ஏமாறுவது அங்கேதான். எழுதியவர் எதை நிறுவ வருகிறார், எங்கே வாதத்தைத் திருப்புகிறார் என்று பிடிக்கத் தெரிந்தால் தப்பலாம். தமிழில் தலையங்கத்தை ஊன்றிப் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. கூட்ட வேண்டியது வேகம். தினம் ஓர் ஆங்கிலக் கட்டுரை படித்து, அதன் சாரத்தைத் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். ‘ஆங்கிலத்திலேயே யோசி’ என்ற அதட்டலுக்குக் காதுகொடுக்க வேண்டாம். ஒன்று நினைவிருக்கட்டும்: கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தி எண்ணாகத் தட்டச்சிடும் கேள்விகளில், விடை தவறினாலும் மதிப்பெண் குறையாது. அவற்றைக் காலியாக விட்டு எழுந்துவராதீர்கள்.