கொடி பிடிக்கும் கை

2024-ஆம் வருஷம், நாடாளுமன்றத் தேர்தல் சமயம். பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகிற வழியில், மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் தேநீர் குடிக்க இறங்கினேன். எதிரே ஓர் ஊர்வலம் வந்தது. எந்தக் கட்சி என்பது இங்கே அவசியமில்லை. முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள், தங்களைவிட உயரமான கொடிக்கம்புகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்தார்கள்.

"யாருக்குத் தம்பி ஓட்டுக் கேட்கிறே?" என்று ஒருவனைக் கேட்டேன்.

அவன் அண்ணாந்து கொடியைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் பதில் சொன்னான். நூறு ரூபாயும் சாப்பாட்டுப் பொட்டலமும் கூலியாம்.

எனக்குக் கோபம் வந்தது. சட்டமும் என் பக்கம் இருந்தது. தேர்தல் வேலைகளில் சிறுவர்களைக் கட்சிகள் ஈடுபடுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று 2014 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி தேர்தல் கமிஷன் இன்னும் கண்டிப்பாகச் சொன்னது: துண்டுப் பிரசுரம் கொடுக்க, கோஷம் போட, பாட்டாலோ பேச்சாலோ பிரசாரம் செய்யக் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது, தலைவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரவும் கூடாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. பெற்றோருடன் வந்த குழந்தை, பிரசாரத்தில் ஈடுபடாமல் தலைவர் அருகில் சும்மா இருந்தால் குற்றமில்லை.

சட்டம் அந்த இடத்தில் பெற்றோரை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு நான் பாத்திரமானவனா?

சில வருஷங்களுக்கு முன், ஏழு வயதான என் மகளை ஒரு கூட்டத்தில் மேடையேற்றினேன். நான் எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்புவித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. என் உச்சி குளிர்ந்தது. வீடு திரும்பும் வழியில் கேட்டாள்: "அப்பா, பக்கத்து வீட்டு மாமாவும் அந்தக் கட்சிதானே? இனிமே அவங்க பொண்ணோட நான் விளையாடக் கூடாதா?"

மங்கலம்பேட்டைப் பையன் கையை மட்டுமே வாடகைக்கு விட்டான். அவன் மனத்தில் ஒன்றும் ஏறவில்லை. நானோ கூலி கொடுக்காமல் என் மகளின் மனத்தையே எடுத்துக்கொண்டேன். யார் பெரிய குற்றவாளி?

குழந்தைகளுக்கு அரசியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1930-இல் சுதந்திரப் போருக்காக வானர சேனை திரட்டிய இந்திராவுக்கு வயது பன்னிரண்டு. 1989-இல் ஐ.நா. சபை ஏற்று, 1992-இல் இந்தியாவும் ஒப்புக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, குழந்தையின் அபிப்பிராயத்தைச் சொல்லும் உரிமையையும் அளிக்கிறது. சொல்வது அதன் அபிப்பிராயமா, நம்முடையதா என்பதுதான் கேள்வி. அதை அறிய ஒரு வழி உண்டு: "மாட்டேன்" என்று சொல்ல அந்தக் குழந்தையால் முடியுமா? அப்படிச் சொல்ல முடியாத பிள்ளைகளின் கையில் ஈழத்துப் போரில் துப்பாக்கியே கொடுக்கப்பட்டது. கொடிக்கும் துப்பாக்கிக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் "மாட்டேன்" என்ற சொல்லை நாம் எடுத்துவிட்டால், அந்தத் தூரத்தைக் காக்க வேறென்ன இருக்கிறது?

கொடியைப் பையன் கையிலிருந்து அதிகாரி வாங்கிவிடலாம். வீட்டுக்குள் தகப்பன் சொல்லிக் கொடுப்பதை எந்த அதிகாரி வாங்குவார்?

"விளையாடும்மா" என்றுதான் அன்று பதில் சொன்னேன். இன்றும் இருவரும் சிநேகிதிகள். ஆனால் அந்தப் பேச்சை அவள் இன்னும் மறக்கவில்லை.