எறும்பு அங்கே எவ்வாறு வந்தது?

குழியானையை அறியாதார் நம்மில் மிகச் சிலரே இருப்பர். மழை நனைக்காத தாழ்வாரத்து ஓரத்திலும், சுவரடிப் புழுதியிலும் புனல் வடிவில் சிறு சிறு குழிகள் காணப்படும். ஒவ்வொன்றின் அடியிலும் உடலை மண்ணுள் மறைத்து, அரிவாள் போன்ற இரு தாடைகளை மட்டும் விரித்துக்கொண்டு ஒரு புழு காத்திருக்கும். குவித்த மண் சரியாமல் நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைச் சரிவிலேயே அது தன் குழியை அமைக்கிறது. ஆதலின் எறும்பு விளிம்பில் கால் வைத்த மாத்திரத்தில் மண் சரிகிறது. எறும்பு மேலே ஏற முயன்றால், புழு கீழிருந்து தலையால் மண்ணை வாரி எறிகிறது. பிடிபட்டதன் சாற்றை உறிஞ்சியபின் வெறுங்கூட்டைக் குழிக்கு வெளியே வீசிவிடுகிறது. இதே புழுதான் பின்னர் தும்பியை ஒத்த மெல்லிய சிறகுகள் பெற்று இரவில் பறக்கிறது என்பதைப் பலர் அறியார். நானும் நாற்பது வயதுக்கு மேற்பட்டே அறிந்தேன்.

பெங்களூரில் எங்கள் விகாரைக்கு ஞாயிறுதோறும் வரும் இளைஞர் ஒருவர், கைப்பேசியின் கண்ணில் சிறியதோர் உருப்பெருக்கி வில்லையைப் பொருத்திக்கொண்டு சிறு பொருள்களைப் படம் எடுப்பவர். கடுகின் தோலில் உள்ள வலைப் பின்னல், துருப்பிடித்த பூட்டு, சுவர்ச் சிலந்தியின் கண்கள் என்று நாம் நாளும் கடந்து செல்பவற்றை அவர் நின்று பார்ப்பார். சென்ற ஆண்டு அவர் குழியானையின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். மணற்பரல்கள் பாறைகளைப்போல் கிடக்க, இரு தாடைகளுக்கிடையே ஓர் எறும்பு ஒரு காலை உயர்த்தியிருந்தது. அதைச் சட்டமிட்டு விகாரைச் சுவரில் மாட்டச் சொன்னவன் நானே. அன்று அதனைச் சுட்டிக்காட்டி, வேட்கை என்னும் குழியைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பலரும் பாராட்டினர்.

பேச்சு முடிந்தபின், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி படத்தின் அருகே நின்று அவரைக் கேட்டாள்: "அண்ணா, அந்த எறும்பு அங்கே எப்படி வந்தது?"

அவர் பொய் சொல்லவில்லை. "நான்தான் எடுத்துப் போட்டேன்" என்றார். எத்தனை என்று அவள் கேட்கவில்லை. பின்னர் நான் கேட்டேன். ஏழு. அவ்வளவு நெருக்கத்தில் படம் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மூச்சு விட்டாலே கலைந்துவிடும். முதல் ஆறு எறும்புகளும் கலைந்த படங்களுக்குப் போயின. குழந்தை கேட்ட கேள்வியைக் கேளாமலே அரைமணி நேரம் தம்மம் பேசியவன் நான். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

அன்று மாலை இருவரும் படிக்கட்டில் அமர்ந்து பேசினோம். அவர் படித்தவர், வாதத்தில் வல்லவர். "ஐயா, கொன்றது நான் அன்று, புழு. இந்த எறும்பு இல்லையேல் வேறோர் எறும்பு. என் எண்ணம் படம் எடுப்பதே அன்றிக் கொல்வதன்று. எண்ணமே வினை என்று நீங்கள்தாமே போதிக்கிறீர்கள்? சக்குபாலரின் கதையைச் சொன்னவரும் நீங்களே" என்றார்.

அக்கதையை நம்மவர் அறிவர். கண்ணிழந்த தேரர் சக்குபாலர் மழைக்குப்பின் உலாவியபோது, ஈர மண்ணில் எழுந்த இந்திரகோபப் பூச்சிகள் அவர் காலடியில் பட்டு மாண்டன. கொல்லும் எண்ணம் இன்மையால் அவரிடம் குற்றமில்லை என்றார் பகவன். கொலைக்கு ஐந்து அங்கங்கள் கூறுவர் உரைகாரர்: உயிர் ஒன்று இருத்தல், அதை உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் வரும் சாவு. இளைஞர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு தப்ப முயன்றார்.

நான் சொன்னது இது. தேரருக்குக் கண் இருந்திருப்பின் காலை விலக்கியிருப்பார். உமக்குக் கண் இருந்தது. கண்ணின்மேல் ஒரு கண்ணாடியும் இருந்தது. எறும்பின் சாவு உம் படத்தோடு தற்செயலாய் ஒட்டிக்கொண்டு வந்ததன்று, அதுவே படம். சாவு நிகழாவிடில் படம் கலைந்ததென்று மற்றோர் எறும்பை எடுத்தீர். அப்படியாயின் கொல்லும் எண்ணத்தைப் படம் எடுக்கும் எண்ணத்திலிருந்து எந்தக் கத்தியால் பிரிப்பீர்?

அவர் விடை கூறவில்லை. நானும் வென்றதாக எண்ணவில்லை. ஏனெனில் சிற்றுயிரை நெருங்கிப் பார்க்கும் ஆசையில் இச்சிக்கல் தொன்றுதொட்டே உள்ளது. 1665-ல் வெளிவந்த தம் 'மைக்ரோகிராஃபியா' நூலுக்காக இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் உருப்பெருக்கியின்கீழ் எறும்பை வரைய முயன்றார். கால்களை மெழுகில் ஒட்டினாலும் அது அசைந்துகொண்டே இருந்தது. முடிவில் பிராந்தியில் அமிழ்த்தி மயக்கி வரைந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அது எழுந்து ஓடிவிட்டதாம். அந்த எறும்பு பிழைத்தது என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

எல்லாப் பிராணிக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1958-ல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வைல்டர்னஸ்' என்னும் படத்தில், எலியை ஒத்த லெம்மிங் என்னும் பிராணிகள் கூட்டமாய்த் தாமே நீரில் பாய்வதாகக் காட்டினர். அப்படத்துக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. அவற்றை வேறிடத்திலிருந்து கொணர்ந்து, படம் எடுத்தவர்களே கரையிலிருந்து தள்ளிவிட்டனர் என்பது 1982-ல் கனடாத் தொலைக்காட்சியில் வெளியாயிற்று. அந்த எலிகள் அங்கே எவ்வாறு வந்தன என்று இருபத்து நான்கு ஆண்டுகள் மக்கள் மனத்தில் கேள்வி எழவில்லை.

எனக்கு இது நெஞ்சில் தைப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. நான் நூற்பாலையில் வேலை செய்த நாளில் ஒருமுறை படம் எடுக்க ஆள் வந்தார். தரை கூட்டப்பட்டது; எங்களுக்குப் புதுச் சட்டை தரப்பட்டது. இயந்திரத்தை நிறுத்தி, பஞ்சுத் தூசி அடங்கும்வரை காத்திருந்து எடுத்தனர். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். மாலையில் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டனர். அந்தப் படத்தைப் பார்த்தவர் எவரும் நாங்கள் இருமுவதைக் கேட்டிருக்க முடியாது.

இளைஞர் பின்னும் ஒன்று கேட்டார், அதுவே கடினமானது. "எறும்பு தானாக விழுந்தால்? அப்போது நான் படம் எடுப்பதா, அதைக் காப்பதா?" முன்பு ஒருநாள் நான் ஓர் ஈர்க்கைக் குழிக்குள் நீட்டினேன், எறும்பு அதைப் பற்றி ஏறிப்போயிற்று. பிறகு அந்தப் புழு, சரிந்த குழியைச் சீர்செய்ய நெடுநேரம் மண்ணை வீசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அது மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் என்பர். ஆயினும் அதன் உணவை நான் பறித்தேன் அன்றோ? அவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்புக் கூற எனக்கு உரிமை இருப்பதாக நான் கருதவில்லை. தள்ளாத கையும் கலைக்காத கையும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே என் கருத்து. மாறுபடுவோர் எழுதுக.

படத்தைக் கழற்றிவிடலாம் எனச் சிலர் கூறினர். இளைஞர் உடன்படவில்லை. அதன் கீழே ஒரு துண்டுத்தாள் ஒட்டினார்: "இவ்வெறும்பைக் குழியில் இட்டது என் கை. இதற்கு முன் ஆறு." அது இன்றும் அங்கே உள்ளது.

சிலர் பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, அவை விறைத்து அடங்கியபின் படம் எடுப்பதுண்டு. குளிர்ந்த உடலுக்கு விரைவில்லை. ஆனால் அந்தக் குளிரை விடியற்காலம் இலவசமாகத் தருகிறது. வெயில் ஏறும்வரை தும்பி பறக்கவியலாது புல்லில் தொங்கும். சென்ற வாரம் அவர் காட்டிய படத்தில், தும்பியின் சிறகெங்கும் பனித்துளி.

"தம்பி, இது அங்கே எவ்வாறு வந்தது?" என்று கேட்டேன்.

"இரவெல்லாம் அது அங்கேயேதான் இருந்தது, ஐயா. நாலரை மணிக்கு வந்தவன் நான்தான்" என்றார்.