யாருக்கு விசுவாசம்?

சித்தூர் வட்டாரத்தில் வாங்கிய கடனை ஒருவன் இல்லையென்று சாதித்தால், "காணிப்பாக்கத்துக்கு வா, சத்தியம் பண்ணு" என்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன் நின்று சொல்ல வேண்டும். பொய் சொல்லத் துணிந்து வந்தவனுக்கும் அங்கே நாக்குக் குழறும் என்பது ஊர் நம்பிக்கை. அரசியல்வாதிகளும் மேடைக்கு மேடை ஒருவரையொருவர் இங்கேதான் சத்தியத்துக்கு அழைக்கிறார்கள்.

அந்தக் கோயில் இருக்கும் புத்தலப்பட்டுத் தனித்தொகுதியில் 2019இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வென்றவர் எம்.எஸ். பாபு. 2024இல் கட்சி அவருக்குச் சீட்டு மறுத்தது. தலித் உறுப்பினர்களை மட்டும் மாற்றுவது ஏன் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். காங்கிரசில் சேர்ந்து அதே மக்களிடம் வாக்குக் கேட்டுத் தோற்றார். தெலுங்கு தேசத்தின் முரளி மோகன் வென்றார். கட்சி மாறினாலே துரோகி என்பது நம் மேடை வழக்கம். ஆனால் பதவிக்காலம் முடியும்போது தொகுதிக்கே திரும்பிப் போய்த் தீர்ப்புக் கேட்பதில் துரோகம் எங்கே இருக்கிறது?

துரோகம் வேறு மாதிரி இருக்கும். 2014இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சின்னத்தில் வென்ற 23 பேர் பதவியை விடாமலே தெலுங்கு தேசத்துக்குத் தாவினார்கள். 2017 ஏப்ரலில் நால்வர் அமைச்சரும் ஆனார்கள். சித்தூர் மாவட்டத்துப் பலமநேர் உறுப்பினர் அவர்களில் ஒருவர். வாக்காளன் ஒரு சின்னத்துக்கு இட்ட வாக்கை அவனைக் கேளாமல் இன்னொரு கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். சோறு போட்டவன் தலைவன் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. போட்டவன் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டவன்.

வளர்த்துவிட்ட தலைவருக்கு நன்றி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்த அதிகாரமாக நடுவுநிலைமையை வைத்தார். நன்றி செய்தவரை நினைக்கும்போது நடுவுநிலை குலையக்கூடும், அங்கேயும் குலையலாகாது என்பதற்கே இந்த வரிசை என்று பரிமேலழகர் விளக்குகிறார். கர்ணன் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான். அந்தக் கடன் பாஞ்சாலி நின்ற சபையில் அவனை எந்தப் பக்கம் நிறுத்தியது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதே சபையில் துரியோதனன் தம்பி விகர்ணன் எழுந்து அநீதி என்றான். கும்பகர்ணன் அண்ணனின் பிழையை அறிந்தும் அவனுக்காகவே மாண்டான். விபீஷணன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை, வெளியேறினான். கும்பகர்ணனுக்காக நாம் கண்ணீர் விடலாம். பின்பற்ற வேண்டியவன் விபீஷணன்.

காணிப்பாக்கத்து பாகுதா ஆற்றின் கதையும் இதையே சொல்கிறது. அண்ணன் சங்கனின் தோட்டத்துக் கனியைக் கேளாமல் உண்ட லிகிதனை அண்ணனே அரசனிடம் தண்டனைக்கு அனுப்பினான். கைகள் போயின, ஆற்றில் முழுகியதும் மீண்டும் வந்தன. தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் என்று சங்கனை யாரும் பழிக்கவில்லை.

வேலையிடத்திலும் இதே அளவுகோல்தான். 2024இல் திருப்பதி லட்டு நெய் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து, உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அந்த வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் எந்தப் பால்பண்ணையிலாவது கலப்படத்தைக் கண்டும் முதலாளிக்காகக் கணக்கை மறைக்கிற ஊழியரை விசுவாசி என்று சொல்ல முடியுமா? நெய்யை நம்பி வாங்குகிறவனுக்கு அவர் துரோகி.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. ஆந்திரத்தின் 23 பேரில் ஒருவரும் பதவி இழக்கவில்லை. சபாநாயகர் முடிவெடுக்காமலே காலம் ஓடியது. இத்தகைய மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020இல் கூறிய உச்ச நீதிமன்றம், சபாநாயகருக்குப் பதிலாகத் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றது. 2025 ஜூலையில் தெலங்கானாவின் கட்சித் தாவல் வழக்கிலும் அதே மூன்று மாதக் கெடுவை விதித்தது. தாவியவரைத் தாவலால் லாபம் பெற்ற கட்சியின் சபாநாயகரே விசாரிக்கும் ஏற்பாட்டை முதலில் மாற்றுங்கள்.