21 நாள்

கோழி முட்டையை அடைக்கு வைத்தால் குஞ்சு வெளியே வர 21 நாள் ஆகும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடமான கணக்கு. இதே 21 நாள் இன்னொரு இடத்திலும் உண்டு. நம் ஊர் தொழிலாளர் சட்டத்தில்!

1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவு. வேலை நிலைமைகளில் சில வகை மாற்றங்களைக் கொண்டுவர நினைக்கிற முதலாளி, அதற்கு 21 நாள் முன்பே தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது அது. எந்தெந்த மாற்றங்கள் என்பதற்குக் கடைசியில் ஒரு பட்டியல். அதில் 10-வதாக வருவது, ஆட்குறைப்பில் போய் முடியக்கூடிய இயந்திர மேம்பாடும் வேலைமுறை மேம்பாடும். 2025 நவம்பர் 21-ல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து அந்தப் பழைய சட்டம் விடைபெற்றது. ஆனால் 21 நாள் மட்டும் அப்படியே புதுசுக்கும் வந்துவிட்டது. கூடவே ஒரு புது விஷயமும் இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்காக, அவருடைய 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் கட்ட வேண்டும். அது அவர் கணக்குக்குப் போய்ச் சேரும். (ஆட்குறைப்புக்கான நோட்டீஸ், நஷ்டஈடு எல்லாம் தனி. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆக, இயந்திரம் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள 21 நாள். புதுத் தொழில் கற்றுக்கொள்ள 15 நாள் சம்பளம். 20 வருஷமாக ஒரே வேலையைச் செய்து, அதிலேயே கை தேர்ந்து, அதிலேயே நரைத்தும் போன ஒருவருக்கு!

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பில் மறக்காமல் இருப்பவை நாலைந்து விஷயம்தான். அதில் ஒன்று தேய்மானம். ஒரு கம்பெனி ஒரு மெஷினை வாங்கினால், அது என்றைக்காவது ஒருநாள் பழசாகும், மாற்ற வேண்டிவரும் என்று வாங்கின அன்றைக்கே தெரியும். அதனால் வருஷா வருஷம் லாபத்திலிருந்து ஒரு தொகையைத் தேய்மானம் என்று எழுதிக் கழிப்பார்கள். மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம் போட்டிருக்கும் ஆயுள் 3 வருடம். அதாவது, அந்தப் பெட்டிக்கு முடிவு வரப்போவதை 3 வருடம் முன்னாலேயே பேலன்ஸ் ஷீட் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புது சாஃப்ட்வேர் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஒரு கமிட்டி போடுவார்கள். நாலு கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்குவார்கள். பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவார்கள். டெமோ பார்ப்பார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓடிவிடும். இவ்வளவு காலமும் நிர்வாகத்துக்கு விஷயம் தெரியும், சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது. மாற்றத்துக்குத் தயாராக வேண்டிய ஆள் எவரோ, அவரிடம் கடைசியில் வந்து, 'காலம் மாறிப்போச்சு சார், நீங்கதான் அப்டேட் ஆகலை' என்கிறோம். அவரிடமிருந்து ஒன்றரை வருஷத்தை எடுத்துக்கொண்டு, நேரத்தை வீணாக்கினார் என்ற பழியையும் அவர் தலையிலேயே போடுகிறோம். இது நியாயமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒருவர். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். சப்ளையர்களிடமிருந்து வரும் பில்லைச் சரிபார்த்து வவுச்சர் போடுகிற வேலை. 19 வருஷ சர்வீஸ். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க செய்யிற வேலையை ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க சார், ஆடிட்டுக்கு வேணும்" என்றிருக்கிறார். மனிதர் சிரத்தையானவர். மூன்று மாசம் உட்கார்ந்து எழுதினார். எந்த சப்ளையர் பில்லில் வழக்கமாக வரித் தொகை தப்பாக வரும், எந்த லாரி ஆபீஸ் ஒரே டிரிப்புக்கு இரண்டு பில் அனுப்பும், பில்லில் தேதி இல்லாவிட்டால் யாருக்கு போன் போட வேண்டும்... 19 வருஷ அனுபவம் 40 பக்கத்தில். நாலாவது மாசம் புது சாஃப்ட்வேருக்கு டெமோ. பில்லை அதுவே படித்து, அதுவே சரிபார்த்து, சந்தேகம் வந்தால் சிவப்புக் கட்டம் காட்டுகிறது. பக்கத்திலேயே, ஏன் சந்தேகம் என்று விளக்கம். அந்த விளக்கங்கள் இவர் எழுதின வாக்கியங்கள்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஆறு மாசத்தில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "வேலை போச்சுனு வருத்தம் இல்லை சார். மிஷின் வரட்டும், நான் வேணாம்னா சொல்லப்போறேன்? என்கிட்டே சொல்லியிருந்தா இன்னும் நல்லா எழுதிக் கொடுத்திருப்பேனே. ஆடிட்டுக்குனு ஏன் சார் சொல்லணும்?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

நிர்வாகத்தில் இருக்கிற நண்பர்களிடம் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "முன்னாடியே சொன்னா பதட்டமாயிடும் பாஸ். வேலை ஓடாது. நல்லா வேலை தெரிஞ்சவங்க முதல்ல வேற இடம் பார்த்துட்டுப் போயிடுவாங்க. போட்டிக் கம்பெனிக்கு விஷயம் போயிடும்." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தொழில் நடத்துகிறவருக்கு அவர் கவலை. ஆனால் இந்தப் பதிலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? 'கடைசி நாள் வரை உன் வேலை எனக்கு வேண்டும். நீ தெரிந்துகொண்டால் உனக்கு நல்லதைச் செய்துகொள்வாய். அதனால் தெரியாமல் இரு.' வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு, குடியிருப்பவரிடம் மூச்சுவிடாமல் மாசா மாசம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரரை நாம் நல்லவர் என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றால் மட்டும் அதற்குப் பெயர் நிர்வாக சாமர்த்தியமா?

சொல்லிச் செய்தால் காரியம் கெட்டுவிடுமா என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. பேங்க்!

45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய பேங்க் ஞாபகம் இருக்கும். பித்தளை டோக்கன், கம்பிக் கூண்டுக்குள் கேஷியர், இரண்டு கையால் தூக்க வேண்டிய லெட்ஜர். அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும். சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட, கிளார்க் ஒவ்வொரு லெட்ஜர் பக்கத்தையும் திருப்பி, மாதா மாதம் 10-ம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்பைத் தேடி எடுப்பார். வட்டி அதற்கு மட்டும்தான். 10-ம் தேதி கணக்கில் 50,000 ரூபாய் இருந்து, 25-ம் தேதி 45,000 எடுத்துவிட்டீர்களா? அந்த மாசம் உங்களுக்கு 5,000 ரூபாய்க்குத்தான் வட்டி. சம்பளத்தை வாங்கி மாசக் கடைசியில் துடைத்து எடுக்கிறவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பட்டை நாமம். ஆனால் கையால் கணக்குப் போடுகிறவரிடம் தினசரி இருப்புக்கு வட்டி போடச் சொன்னால் அவர் என்ன ஆவார்! கம்ப்யூட்டர் எல்லாக் கிளைக்கும் பரவியபிறகு, 2010 ஏப்ரல் 1-லிருந்து தினசரி இருப்புக்கே வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. ஆக, மெஷின் வந்ததில் எனக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். மெஷினே வேண்டாம் என்று கொடி பிடிக்கிற கட்டுரை இல்லை இது.

சரி, அந்த மெஷின் எப்படி வந்தது? 1983-ல் வங்கி நிர்வாகங்களின் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம். 1984-ல் சி. ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை. (பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தாரே, அவரேதான்.) முதலில் வந்தது முழுக் கம்ப்யூட்டர்கூட இல்லை. லெட்ஜரில் பதிவு போட மட்டும் ஒரு மெஷின். எத்தனை மெஷின், எங்கே வைப்பது, அதில் உட்காருகிறவருக்கு என்ன அலவன்ஸ் என்றெல்லாம் பேசிப் பேசி, 1987-லும் 1993-லும் மறுபடி ஒப்பந்தம் போட்டு, ஆமை வேகத்தில் நகர்ந்தது. எவ்வளவு மெதுவாக என்றால், கடைசியில் ஊழலைக் கண்காணிக்கிற மத்திய ஆணையர் என். விட்டல் தலையிட்டு, 2001 ஜனவரி 1-க்குள் 70 சதவீத வியாபாரம் கம்ப்யூட்டருக்குள் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. போலீஸ்காரர் வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி!

அந்தத் தாமதத்தின் விலையைக் கவுன்டருக்கு வெளியே க்யூவில் நின்றவர்கள் கொடுத்தார்கள். சங்கங்கள் இதை இன்றைக்கும் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. 25 வருஷத்தில், நாட்டின் மிகப்பெரிய அலுவலகக் கூட்டம் ஒன்று பேனாவிலிருந்து கீபோர்டுக்கு மாறியது. மெஷின் வந்துவிட்டது என்று சொல்லி பொதுத்துறை வங்கிகளில் ஆட்குறைப்பு செய்யவில்லை. லெட்ஜரில் எழுதிய அதே கைதான் பெரும்பாலும் கம்ப்யூட்டரையும் தட்டியது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 40 வயதோ 15 வருஷ சர்வீஸோ ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். சர்வீஸ் போட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம் அல்லது மிச்ச சர்வீஸுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். அதில் எத்தனை விருப்பம் நிஜ விருப்பம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் கையில் ஒரு தொகை இருந்தது. யோசிக்க நாள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வரப்போகிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் பயிற்சிக்குப் போய்வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கஷ்டமாக இருந்தது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் நின்றபோது, மகன் வயசுப் பையன் ஒருவன் சிரித்தான் என்பார்கள். 50 வயதில் ஓர் ஆள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும். தப்புத் தப்பாகச் செய்வதை நாலு பேர் பார்க்கும்படி செய்வதுதான் அவரால் முடிவதில்லை. நேற்றுவரை அந்த செக்‌ஷனில் எல்லோரும் சந்தேகம் கேட்டது அவரிடம். இன்றைக்கு அவர் போய், "தம்பி, இது எங்கே இருக்கு?" என்று கேட்க வேண்டும். ட்ரெய்னிங் ப்ரோக்ராம் போடுகிறவர்கள் ப்ரொஜெக்டர், பிரியாணி எல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். இந்தக் கூச்சத்துக்கு ஓர் ஏற்பாடும் செய்வதில்லை. ஆபீஸ் நேரத்திலேயே தினம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து தட்டிப் பார்க்க ஒரு மெஷின் கொடுங்கள் என்றால், "அந்த நேரத்துக்கு அவர் வேலையை யார் சார் செய்வா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் போய்க் கற்றுக்கொள்ளட்டுமாம். வீட்டில் அவருக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும், ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணும் இருக்கிறார்கள். மெஷினைப் பொருத்த வருகிற இன்ஜினீயருக்குத் தினப்படி உண்டு. மனுஷனைப் பொருத்த ஒரு மணி நேரம் கிடையாதா?

கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களும் உண்டு. 'ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு வருஷம்தான், ஓட்டிடுவேன்' என்று சாய்ந்து உட்கார்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சொல்லி, நேரம் கொடுத்து, கற்றுக்கொடுத்த பிறகும் அப்படி இருப்பவருக்காக நான் வாதாட வரமாட்டேன். ஆனால் இந்த வரிசையில் முதல் மூன்றையும் செய்யாத நிறுவனத்துக்கு நாலாவதைப் பேசத் தகுதி கிடையாது.

இப்போது அலை கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர்கள் பக்கமே திரும்பியிருக்கிறது. ஸ்டேட் பாங்க்கின் எல்லாக் கிளைகளையும் இணைக்கிற மென்பொருள் டி.சி.எஸ். நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவுக்குக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்டப் பதவிகள். இது ஏ.ஐ.யால் அல்ல, புதிய வேலைகளில் அவர்களைப் பொருத்த முடியாததால் என்பது நிறுவனம் சொன்ன விளக்கம். அந்த அறிவிப்பு வந்த வாரம், பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் போனில் கேட்டதும் பழைய பேங்க் கிளார்க் கேட்ட அதே கேள்விதான்: "எங்க லிஸ்ட்டு எப்ப சார்?" 20 வருஷம் முன்னால் இவர்கள்தான் கிளை கிளையாகப் போய், பெரியவர்களுக்கு பாஸ்வேர்டு போடச் சொல்லிக்கொடுத்தவர்கள்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் மேனேஜராக இருப்பீர்கள். அடுத்த ஏப்ரலில் ஒரு புதுச் சமாச்சாரம் வரப்போவது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எந்த செக்‌ஷனில், எந்த வரிசையில், எந்த நாலு பேருக்கு என்பதும் தெரிந்திருக்கும். அந்த நாலு பேரை இந்த வாரம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ரகசியம் காப்பாற்ற வேண்டுமே என்று தயங்கினால் ஒரு தகவல்: மூடின கதவுக்குள் நீங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாரே, அவருக்கு எல்லாம் தெரியும்.