கேட்டலும் மருந்தே

புண்படுத்திய கை மருந்திடலாமா? ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசின் ஆணையால் தாய்மடியினின்று பறிக்கப்பட்டனர். தாய்மொழி பேசவும் பலர் தடுக்கப்பட்டனர். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அக்கொடுமையை விரித்துரைத்தது. 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பு தொடக்கமேயன்றி முடிவன்று. அன்று பிள்ளைகளைப் பிரித்த அதிகாரிகள் பலருக்குப் ‘பாதுகாவலர்’ என்பதே பதவிப்பெயர். இன்று ஆற்றுப்படுத்த வருபவரும் குறிப்பேட்டுடன் எதிரே அமர்ந்து வினா அடுக்கினால், மூதாட்டியின் நா எழுமா?

டேலி ஆற்றுப் பழங்குடியினரிடம் ‘டடிரி’ என்றொரு சொல் உண்டு. அமைதியுற்று ஆழ்ந்து கேட்டல் என்பது அதன் பொருள். உறவினர் சூழ, அவர்தம் மண்ணில் அமர்ந்து, சொல் பிறக்கும்வரை காத்திருத்தலே அறம். புண்படுத்திய கையும் மருந்திடலாம்; ஆனால், மருந்து எதுவென்று கூறும் உரிமை புண்பட்டவர்க்கே உரியது.