தரையை அடிக்கும் கை

நடை பழகும் குழந்தை கால் இடறி விழுகிறது, வீறிட்டு அழுகிறது. ஓடி வந்து வாரி எடுக்கும் நாம் என்ன செய்கிறோம்? "என் கண்ணை இந்தத் தரையா அடித்தது? இதோ, தரையை அடிப்போம்" என்று சொல்லித் தரையை இரண்டு தட்டுத் தட்டுகிறோம். குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து அதையும் அடிக்கச் செய்கிறோம். அழுகை நிற்கிறது, நாமும் மகிழ்கிறோம். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் சமண இல்லங்களிலும் இக்காட்சி புதியதன்று.

தரைக்கு வலிக்குமா என்பதன்று வினா. அந்த ஒரு கணத்தில் குழந்தை கற்றது யாது என்பதே வினா. துன்பம் வந்தால் அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடு. அவனைத் திருப்பி அடி. உன் துன்பம் தீரும். குரோதம் என்னும் கஷாயத்திற்கு இதைவிட எளிய பாடம் வேறு உண்டோ? அப்பாடத்தை, பேச்சும் வாராத பருவத்தில், அன்பின் பெயரால் நாமே நடத்தி விடுகிறோம்.

எட்டு வயது நிறைந்த பின்னரே மனிதப் பிறவியில் விரதம் ஏற்கும் தகுதி உண்டாகும் என்பது நம் ஆகம மரபு. அதற்கு முன் குழந்தைக்கு விரதமில்லை. அங்ஙனமாயின் அவ்வெட்டு ஆண்டுகள் வெற்றாண்டுகளா? கருணை என்பது பின்னர் வெளியிலிருந்து ஊட்டப்படுவதா? அன்றி, உயிரோடு வந்த ஒன்றை நாம் காப்பதும் கெடுப்பதும் மட்டுமே நம் கையில் உள்ளதா?

இவ்வினாவிற்கு இக்கால ஆய்வாளர்கள் தரும் செய்திகள் சிந்திக்கத் தக்கவை. பிறந்து ஓரிரு நாளே ஆன சிசு, மற்றொரு சிசுவின் அழுகையைக் கேட்டால் தானும் அழுகிறது. இயந்திரத்தால் உண்டாக்கிய அழுகை ஒலிக்கு அவ்வளவாக அழுவதில்லை. இதனை 1976இல் சாகி, ஹாஃப்மன் என்னும் இருவர் எழுதினர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய வார்னெக்கன், தொமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. துணி உலர்த்தும் ஒருவர் கையிலிருந்து கவ்வி நழுவி விழுகிறது. எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. பதினெட்டு மாதக் குழந்தை தத்தித் தத்திச் சென்று எடுத்துக் கொடுக்கிறது. யாரும் ஏவவில்லை, பரிசும் இல்லை. ஆய்வுக்கு வந்த 24 குழந்தைகளுள் 22 குழந்தைகள் ஒருமுறையேனும் இவ்வாறு உதவின. ஒன்றற்கொன்று உதவுதலே உயிர்களின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி முனிவர் உணர்த்தியதை எண்ணி நாம் வியக்கிறோம்.

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தை மறைத்தல் அறமாகாது. அதே குழந்தைதான் அண்ணனின் பொம்மையைப் பிடுங்குகிறது, தம்பியைக் கடிக்கிறது, 'எனது' என்று மார்போடு அணைத்துக் கொள்கிறது. குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கும் தொட்டிலிலும் உண்டு. உயிர் தூயது, வினையோ அநாதி தொட்டு உடன் வருவது. ஆகவே குழந்தை தெய்வமும் அன்று, வெறுங்களிமண்ணும் அன்று. விளைநிலத்தில் நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கின்றன. எதற்கு நீர் பாய்ச்சுகிறோம் என்பதே நம் பொறுப்பு.

அந்நீர் யாது? முதலில் நம் முகம். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டிரோனிக்கும் உடனாய்வாளரும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிரித்து விளையாடிய தாய் சிறிது நேரம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாது அமர்ந்தாள். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்த்தது. கை நீட்டிப் பார்த்தது. பயனில்லாமற் போகவே முகத்தைத் திருப்பிக் கொண்டது. தன் உணர்வுக்கு விடை கிடைக்குமா என்று குழந்தை நம் முகத்தில் தேடுகிறது. தன்னைத் தானே அமைதிப்படுத்தும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. நம் அமைதியைத்தான் அது கடன் வாங்குகிறது. நம்மிடம் அமைதி இல்லையேல் அது எங்கே சென்று வாங்கும்?

அடுத்தது, காரணம் கூறுதல். குழந்தை எறும்பை நசுக்கப் போகிறது. "பாவம் பிடிக்கும், சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். வீடுபேறெய்திய அருகன் எவர் கண்ணையும் குத்துவதில்லை என்பதை நாமே மறந்து பேசுகிறோம்! கையைத் தடுக்கத்தான் வேண்டும். அதில் தளர்ச்சி கூடாது. ஆனால் தடுத்தபின், "பார், அது தன் வீட்டுக்கு இரை தூக்கிக் கொண்டு போகிறது, மிதித்தால் அதற்கு வலிக்கும்" என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? செயலால் பிறர்க்கு விளையும் துன்பத்தைக் காட்டித் திருத்துவதே பரிவை வளர்க்கும் என்பதை மேற்சொன்ன ஹாஃப்மனும் வலியுறுத்தினார்.

"அச்சமின்றி ஒழுக்கம் வருமா? நாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்பார் உண்டு. அச்சம் கையை நிறுத்தும், உள்ளத்தை மாற்றாது. காண்பார் இல்லாத இடத்தில் அக்கை மீண்டும் நீளும். பரிசும் அத்தகையதே. உதவிய இருபது மாதக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் கொடுத்துப் பழக்கியபின், அவை முன்னிலும் குறைவாகவே உதவின. வெறும் பாராட்டுப் பெற்றவையும் ஒன்றும் பெறாதவையும் தொடர்ந்து உதவின. வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2008இல் கண்டது இது. இயல்பாய் ஊறும் கருணையை நாம் கூலியாக்கி விடுகிறோம்.

இனி, விழுந்த குழந்தையிடம் திரும்புவோம். மடியில் எடுப்போம். "வலிக்கிறதா? கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்று தடவிக் கொடுப்போம். தரை அடிபட வேண்டியதில்லை. அழுகை சற்றுத் தாமதமாக நிற்கலாம். அத்தாமதமே பொறையின் முதற்பாடம்.

மற்றுமொன்று. பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. தசலட்சணப் பருவம் முடிந்ததும் பெரியோரிடமும் சுற்றத்தாரிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். காரணமின்றி நாம் சினந்து அடித்த நம் குழந்தையிடம் என்றேனும் வேண்டியதுண்டா? அதன் முன் அமர்ந்து, "அம்மா தவறு செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். விரதம் ஏற்கும் வயது வருமுன்னரே அக்குழந்தை அறத்தைக் கண்ணாரக் கண்டிருக்கும்.